கொம்பையாவின் உறைத்தண்ணீர்

அந்த வருஷம் மணல்மறிச்சான் உப்பளத்தில் பங்குனி பிறந்து இருபது நாளாகியும் உப்பு பூக்கவில்லை. வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. காக்கை தரையில் ஒரு காலை வைத்துவிட்டு மறு காலை வைக்கலாமா என்று யோசிக்கிற வெயில். காற்றுக்கும் குறைச்சல் இல்லை. கடல் தண்ணீர் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்துக்கு வந்து, தெப்பத்திலிருந்து வாய்க்காலுக்கு வந்து, வாய்க்காலிலிருந்து பாத்திக்கு வந்து, பாத்தியில் சுண்டிச் சுண்டி, கங்காணி தவசிமுத்து உப்பு அளக்கிற தன் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தால் இருபத்தைந்து டிகிரிக்கு மேலேயே காட்டியது. இருபத்தைந்தில் தண்ணீர் தண்ணீராக இருக்கக் கூடாது, உப்பாகிவிட வேண்டும். உலகம் உண்டான நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் அந்த வருஷத்துத் தண்ணீர் எண்ணெய் மாதிரி கனத்து, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்ததே தவிர ஒரு கல் கூடக் கட்டவில்லை. முப்பத்திரண்டு குடும்பமும் வாருபலகைகளைச் சாய்த்துவைத்துவிட்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, பேச்சு வராத பிள்ளையின் வாயைப் பார்த்திருப்பதுபோல் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கொம்பையா பெரியாஸ்பத்திரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்து இறங்கியதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருஷமாக அந்த அளத்தில் உப்பு வாரியவர்தான், ஆனால் ஆள் எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் அது கொம்பையாவின் தலையாகத்தான் இருக்கும். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். பெருங்குடலின் கடைசியில் கட்டி என்று சொல்லி வெட்டியெடுத்து, தைத்த இடம் ஆறுகிறவரைக்கும் அந்தப் பக்கம் எதுவும் போகக் கூடாதென்று, சிறுகுடலை ஒரு விரல் நீளத்துக்கு வயிற்றுக்கு வெளியே இழுத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஸ்டோமா என்று அதற்குப் பெயர். மூன்று மாதம் கழித்து, ஆனி பத்தாம் தேதி வாக்கில், உள்ளே தள்ளி மூடிவிடுவார்களாம்.

அதைப் பார்த்துக்கொள்கிற வித்தையை அவர் பெண்டாட்டி சண்முகவடிவு, ஸ்டோமா சிஸ்டர் ஜெசிந்தாவிடம் நான்கு நாள் நின்று கற்றுக்கொண்டு வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைக்க வேண்டும், ஈரம் போக விசிற வேண்டும், ஒட்டுத் தகட்டில் குடலின் வாய் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும், ஒரு நெல் அளவு கூடினாலும் தோல் வெந்துபோகும். குடல் சிவப்பாக ஈரமாக இருந்தால் நல்லது. கறுத்தால் அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கழிவை இறுக்குகிற மாத்திரை. நாள் முழுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். "உங்க வீட்டுக்காரருக்கு இனிமே உடம்புல உப்பும் நிக்காது, தண்ணியும் நிக்காதும்மா," என்றாள் சிஸ்டர். "மூத்திரம் குறைஞ்சுதுன்னா யோசிச்சிட்டு இருக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் மின்விசிறிக்கு அடியில் ஒட்டுகிற பை அளத்து வெக்கையில் ஒட்டாது என்று. காலையில் ஒட்டினால் பத்து மணிக்கு ஓரம் தூக்கும், பன்னிரண்டுக்கு ஒழுகும். ஒழுகுகிற தண்ணீர் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து, தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்தது மாதிரி ஆகிவிட்டது. உரிந்த தோலில் பை இன்னும் ஒட்டாது. கொம்பையா வெட்கத்தில் வீட்டின் பின்கட்டுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். வடிவு பனையோலை விசிறியால் வயிற்றை விசிறிக்கொண்டே அழுவாள். அந்தக் கண்ணீரும் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள், ஏனென்றால் அதுவும் ஈரம்.

சித்திரை நான்காம் நாள், பின்கட்டுப் புழுக்கம் தாங்காமல், கொம்பையா வெள்ளைத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அளத்துக்கு நடந்துபோய் முதல் பாத்தியின் மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த அசைவில் பை பிய்த்துக்கொண்டது. உள்ளே இருந்தது முழுவதும் பாத்தியில் சரிந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்து, பார்க்கவில்லை என்று ஆறுதலாகி, மறுபடி பாத்தியைப் பார்த்தபோது, அந்த மூலையிலிருந்து வெள்ளை புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. நெல் பொரிகிற சத்தத்தோடு, கோலம் தானாக இழுத்துக்கொண்டு போவதுபோல, மூலையிலிருந்து வரப்புக்கும் வரப்பிலிருந்து எதிர் வரப்புக்கும் போய், தண்ணீர்க் குடத்தோடு வந்த பேச்சித்தாய் குடத்தை இறக்கிவைப்பதற்குள் பாத்தி முழுதும் விரற்கடை கனத்துக்கு உப்புப் பூத்து நின்றது.

பேச்சித்தாயின் வாய்தான் அளத்தின் ஒலிபெருக்கி. அவள் முதலில் பாத்தியைப் பார்த்தாள், அப்புறம் கொம்பையாவின் துண்டைப் பார்த்தாள், அப்புறம் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

முதல் நாள் முழுக்கத் தீட்டைப் பற்றிப் பேசினார்கள். சாப்பிடுகிற பொருளாயிற்றே, இது அடுக்குமா என்று இரண்டு கிழவர்கள் கேட்டார்கள். தவசிமுத்து நிதானமான ஆள். குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். "கடலுக்குள்ள எத்தனை ஊர்ச் சாக்கடை போய் விழுது. அதைத்தான் நாம அள்ளி உப்புங்கோம். இது நம்ம ஊரு ஆளோடது, அவ்வளவுதான்," என்றார். நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளை, இப்படி ஒரு கரிப்பு பார்த்ததில்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் கொம்பையாவுக்கு ஒரு நாற்காலி வந்தது. மூன்றாம் நாள் நாற்காலிக்குக் குடை வந்தது. நான்காம் நாள் மூடி போட்ட புது மண்கலயம் ஒன்று வந்தது. பையில் சேர்வதை வடிவு அதில் ஊற்ற, தவசிமுத்து பாத்திக்கு ஒரு சிரங்கையாக, ஒரு உள்ளங்கைக் குழி அளவாக, வரிசைப்படி விட்டுக்கொண்டு போக, பின்னாலேயே வெள்ளை சடசடத்துக்கொண்டு வந்தது. பாலில் ஊற்றுகிற உறைமோர் மாதிரி இருந்ததால் உறைத்தண்ணீர் என்று பெயராகிவிட்டது. "இன்னைக்கு எங்க பாத்திக்கு உறை விடுற முறை," என்று பெண்கள் குளித்து மஞ்சள் பூசி வந்து நின்றார்கள். கலயம் வரும்போது குலவை போட்டார்கள். அம்மன் கோயில் பூசாரி, பங்குனிப் பொங்கலுக்குக் கூடாத கூட்டம் ஒரு பைக்குக் கூடுகிறதே என்று முனகினான். அவனுக்கும் கிழக்கே இரண்டு பாத்தி இருந்ததால் முனகலோடு நிறுத்திக்கொண்டான்.

முப்பது வருஷம் ஏல கொம்பையா என்று கூப்பிட்டவர்கள் அண்ணாச்சி என்றார்கள். மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வடிவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். நாற்றத்துக்குப் பயந்து பின்கட்டில் கிடந்த மனிதரை ஊரே நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் நெஞ்சு நிறையாது.

சங்கடம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. மாத்திரை போட்ட நாளில் பையில் சேர்வது கூழாக இறுகிக் கலயத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. அன்றைக்கு ஒன்பது பாத்திகள் உறை இல்லாமல் நின்றன. மறுநாள் தவசிமுத்து வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாத்திரை அட்டைகளைத் தான் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் வீட்டுக்கு வீடு பப்பாளி வந்தது, நீர்மோர் வந்தது, திராட்சை ரசம் வந்தது. எதெல்லாம் குடலை ஓடவைக்குமோ அதெல்லாம் வந்தது. பை ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை நிறைந்தது. எழுபது பாத்திகளும் வெளுத்தன. வெளியூர் லாரிகள் வந்து நின்றன.

வைகாசியில் உறை பலமிழந்தது. ஒரு சிரங்கைக்குப் பூத்த பாத்தி மூன்று சிரங்கை கேட்டது. தவசிமுத்து தன் கண்ணாடிக் குழாயைக் கலயத்துக்குள் மிதக்கவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு டிகிரி. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அந்தக் கணமே காரணம் தெரிந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் வைத்தியரைக் கேட்டிருப்பார்கள், ஜோசியரைக் கேட்டிருப்பார்கள். அளத்துக்காரர்கள் எதற்குப் போய்க் கேட்பார்கள்? பிறந்ததிலிருந்து ஒரே ஒரு பாடம்தான் படித்தவர்கள் அவர்கள்: தண்ணீரைக் குறைத்தால் உப்பு ஏறும்.

அன்றிலிருந்து கொம்பையாவுக்குத் தண்ணீரைக் குறைத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை, மரியாதையாகத்தான். செம்பு டம்ளரானது. டம்ளர் அரையானது. நிழலில் இருந்த நாற்காலி இரண்டு அடி வெயிலுக்கு நகர்ந்தது. வடிவு போய் நின்று, பாத்தியும் வயிறும் ஒன்றா என்று கேட்டாள். தவசிமுத்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "வெயில்ல வச்ச தண்ணி எதுவானாலும் தண்ணிதான் மதினி," என்றார்.

அவள் முந்தானைக்குள் ஒரு புட்டியை மறைத்துக் கொண்டுபோனாள்; உப்பும் சர்க்கரையும் சிஸ்டர் சொன்ன கணக்கில் கலந்தது. கொம்பையா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அதுதான் அவளுக்கு முதல் அடி. ஊர் தடுத்தால் ஊரோடு மல்லுக்கு நிற்கலாம்.

"குடிங்க. யாரும் பாக்கலை."

"இருபது ஏறியிருக்கு வடிவு. நேத்து பதினெட்டு. இப்பப் போய்த் தண்ணியைக் குடிச்சுக் கெடுக்கச் சொல்லுதியா?"

"நாக்கைப் பாருங்க. ஓடு மாதிரி கிடக்கு."

"முப்பது வருஷம் பக்கத்துலயே நின்னு வாரியும் என்னை ஒரு ஆளா எண்ணாதவன்லாம் இருக்கான் இந்த ஊர்ல. இன்னைக்கு எழுபது பாத்தியும் என்னைப் பாத்துக்கிட்டு நிக்குது. நீ வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து அவரையே பார்த்திருந்தாள். கெண்டைக்கால் சதை சுருட்டி இழுத்து அவர் நாற்காலியில் வளைந்ததைப் பார்த்தாள். கண்கள் குழிக்குள் போனதைப் பார்த்தாள். கையில் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மூத்திரம் முதலில் காப்பி நிறத்தில் வந்தது, அப்புறம் சொட்டாக வந்தது, அப்புறம் வரவில்லை. பை மாற்றும்போது குடலின் சிவந்த வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாக வெள்ளை ஒட்டியிருந்தது. அவள் துடைக்கத் துடைக்க அது கட்டியது. இப்போது பை ஒழுகுவதில்லை. தோல் காய்ந்துவிட்டதால் பாத்தியில் பலகை ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டது. இது ஒன்றுதான் குணமாகியிருந்தது.

ஆனி பிறந்தது. பத்தாம் தேதியைப் பற்றி ஊர் கூடிப் பேசியது. மழை விழுகிற வரைக்கும், அதாவது புரட்டாசி கடைசி வரைக்கும், வயிற்றை மூட வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. வந்தவர்கள் எல்லோரும் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொம்பையா அண்ணாச்சிக்கு ஒரு குறை வராமல் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பேச்சித்தாய் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். ஒருத்தர் கூடக் கெட்ட மனசோடு பேசவில்லை. அதுதான் வடிவை உதறலெடுக்க வைத்தது.

ஒன்பதாம் தேதி உச்சிவேளைக்குச் சற்று முன்னால், தவசிமுத்து கலயத்திலிருந்து குழாயை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மறுபடி மிதக்கவிட்டுப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு," என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். வடிவு குடைக்குக் கீழே பார்த்தாள். கொம்பையா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பு போகவில்லை, வரவுமில்லை. கண் இமைக்கவில்லை. ஓரத்தில் ஒரு ஈ நடந்து கருவிழிவரை போனது. இருபத்தைந்தில் தண்ணீர் என்ன ஆகும் என்று அந்த அளத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். வடிவுக்குத் தெரியாதா?

எல்லோரும் கஞ்சி குடிக்கக் கொட்டகைக்குப் போனார்கள். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெப்பத்தின் கரைக்கு நடந்தாள். இருபத்தெட்டு வருஷமாக உப்பு சுமந்தவள். வானத்தில் ஒரு மேகம் தெரிந்தால் பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு அம்பாரத்தின்மேல் ஓலை போட ஓடியவள். பூத்த பாத்தியில் செருப்புக்கால் படுவதைக்கூடப் பொறுக்காதவள். முதல் வெட்டுக்கு மண் பெயர்ந்தது. இரண்டாவது வெட்டுக்குக் கரை கசிந்தது. மூன்றாவது வெட்டு அவள் வெட்ட வேண்டியிருக்கவில்லை, கடல் தண்ணீர் தானே வழி பார்த்துக்கொண்டது. வாய்க்கால் தாண்டி, வரப்பு தாண்டி, பாத்தி பாத்தியாக ஏறிப் போயிற்று. எழுபது பாத்தி உப்பும் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுவிட்டுக் கரைந்தது. கடைசியில் நாற்காலியின் கால்களைச் சுற்றிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவள் அதில் நடந்துபோய், புட்டியின் வாயை அவர் பல்லிடுக்கில் வைத்துச் சாய்த்தாள். பாதி வெளியே வழிந்தது. பாதி உள்ளே போனது.

கொட்டகையிலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். தவசிமுத்து குனிந்து குழாயைத் தண்ணீரில் விட்டார். மூன்று டிகிரி காட்டியது. விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். இது மறுபடி சுண்டி வரப் பதினைந்து நாள் ஆகும். பதினைந்து நாளைக்கு உறைக்கு வேலை இல்லை. ஆகையால் அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சீராக்கிக் கொண்டுவருவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இதை அவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். வெறும் லாரியில் வைக்கோல் பரப்பி, எட்டுப் பேர் சேர்ந்து, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல் கொம்பையாவைத் தூக்கி வைத்தார்கள்.

"உடம்பை மட்டும் தேத்தச் சொல்லுங்க மதினி," என்றார் தவசிமுத்து, லாரிக் கதவை மூடிக்கொண்டே. "வயித்தை மூடச் சொல்லிராதீங்க."

வடிவு தலையை ஆட்டினாள். அந்த ஆட்டத்துக்கு அவர் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிஸ்டர் ஜெசிந்தா போர்வையை விலக்கிப் பார்த்தாள். வயிற்றைச் சுற்றியிருந்த வெள்ளையை ஈரப் பஞ்சால் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்திப் பாட்டில் தொங்கவிட்டார்கள். முதல் நாள் ஆறு பாட்டில் உள்ளே போயிற்று, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சிறுநீரகம் முழிக்குமோ முழிக்காதோ, காத்திருங்கள் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் விடியற்காலையில் குழாயில் சாயம் மாதிரி ஒரு சொட்டு இறங்கியது. வடிவு அதை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கொம்பையாவுக்குப் பேச்சு வந்தது. முதலில் பாத்தி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். கரையை வெட்டியதை அவள் சொன்னாள். எத்தனை பாத்தி போயிற்று என்றார். எழுபதும் என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"மூடிட்டாங்கன்னா நான் பழைய கொம்பையாதான்," என்றார்.

"அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டு வந்தேன். நாற்காலியில உக்காந்திருந்தவரு யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் கண்ணோரம் நனைந்தது. இத்தனை நாளில் அந்த உடம்பு வெளியே விட்ட முதல் கண்ணீர் அது. அவள் அதைத் துடைக்கவில்லை. வழிந்து காது வரைக்கும் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர், கைநாட்டு வைக்கக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல் என்றார்.

உடம்பு தேறுகிறவரை ஒரு வாரம் வைத்திருந்து, பத்தாம் நாள் காலையில் மூடினார்கள். பதினான்காம் நாள் காற்றுப் பிரிந்தது. வழியான வழியில் பிரிந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. வடிவு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள்.

பதினைந்தாம் நாள் சொன்னபடி தவசிமுத்து வந்தார். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிவந்திருந்தார். கொம்பையாவின் வயிற்றில் பை இருந்த இடத்தில் தட்டையாகக் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தார். வடிவு எழுந்து நின்று, வருகிறது வரட்டும் என்று சேலையைச் செருகிக்கொண்டாள். அவரோ பழத்தை அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நல்லது மதினி, நல்ல காரியம், அண்ணாச்சி நூறு வருஷம் இருக்கட்டும் என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. கொம்பையா பாத்தியைப் பற்றிக் கேட்டதற்கு, இருபத்தைந்து காட்டுகிறது, ஆனால் பூக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

இவ்வளவு லேசாகப் போகிறாரே என்று வடிவுக்கு உறுத்தியது. மருந்துச் சீட்டோடு கீழே போய் வரிசையில் நின்று, திரும்பி மாடிப்படி ஏறி வரும்போது, வார்டின் கடைக்கோடியில், ஏழாம் நம்பர் கட்டிலின் பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு தவசிமுத்து இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் இரண்டு நாளைக்கு முன்னால்தான் ஒரு முதியவர் வந்திருந்தார். பேர் நல்லகண்ணு, வாழைக்கொல்லைக்காரர், பார்க்க வருகிறவர் யாருமில்லாதவர். வயிற்றில் புதுப் பை. தவசிமுத்து அவருக்குச் சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் நடையை எட்டிப் போடுவதற்குள் எழுந்து, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

வடிவு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இப்பப் போனவரு உங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டாரா?"

"கேட்டாரு தாயி."

"சொல்லீட்டீங்களா?"

நல்லகண்ணுவின் முகம் மலர்ந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன முகம்.

"ஊரு, தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் கேட்டுக்கிட்டாரு. டிச்சார்ஜ் அன்னைக்கு லாரி கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு. நல்ல மனுசன் தாயி. கையைப் பிடிச்சவரு விடவே மாட்டேன்னுட்டாரு."